நம்புலாவில் உடைத்த பூசணிக்காய்

1. எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று முடிவான விதம்

ஆலங்குடி ரோட்டில் இருக்கும் எங்கள் முந்திரி ஃபேக்டரியில் இங்கிலீஷ் தெரிந்தவன் என்று எனக்குப் பெயர் வந்ததற்குக் காரணம் பாய்லர்தான். நான் அங்கே பாய்லர் மெக்கானிக்காக இருந்து ரிட்டயர் ஆனவன். புது மெஷின் வந்தால் கூடவே வரும் மேனுவலை எல்லார் முன்னாலும் சத்தமாக வாசிப்பேன். புரிந்ததா என்று யாரும் கேட்டதில்லை. கேட்கிற அளவுக்கு அங்கே யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது. ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் பண்டிதர் ஆகிறார்கள்.

எங்கள் முதலாளி திருமயம் பக்கம். வியாபாரக் குடும்பம். ஆப்பிரிக்காவிலிருந்து பச்சைக் கொட்டையைக் கப்பலில் வரவழைத்து இங்கே உடைப்பதற்குப் பதில், அங்கேயே போய் உடைத்தால் என்ன என்று அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. மொசாம்பிக் நாட்டில், நம்புலா என்ற ஊருக்கு அப்பால், பல வருஷமாகப் பூட்டிக் கிடந்த ஒரு ஃபேக்டரியை ஏஜெண்ட் மூலமாகக் குத்தகைக்கு எடுத்தார். பாய்லர், குக்கர், கட்டிங் மெஷின் எல்லாம் இங்கிருந்து கப்பல் ஏறின. அவற்றைப் பூட்டி ஓட்டிக் காட்ட ஓர் ஆள் வேண்டும். என்னைக் கூப்பிட்டார்.

அங்கே என்ன பாஷை என்று கேட்டேன்.

"போர்த்துகீசியம்னு சொல்றாக. அது கெடக்கு. இங்கிலீஷ் தெரிஞ்சவன் ஒலகத்துல எங்க வேணாலும் பொழச்சுக்கலாம் கருப்பையா. ஒனக்குத்தான் தெரியும்ல."

முதலாளி உலகம் என்று சொன்னது சிங்கப்பூரையும் மலேசியாவையும். அதற்கு அப்பால் அவரும் போனதில்லை. ஆனாலும் முதலாளி சொல்லை மறுத்துப் பேசினால் சேர்த்துவைத்த பண்டிதப் பட்டம் போய்விடும். சரிங்க என்றேன்.

எனக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்று. தை மாதம் என் மகள் கல்யாணம். முதலாளி அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். முதல் லோடு கொட்டை வெந்து, உடைந்து, பருப்பாக வெளியே வந்த அன்றைக்கே ரிட்டன் டிக்கெட் போட்டுவிடுவாராம். அதற்கு முந்தி போடமாட்டாராம். பந்தல் போடுவதற்கு முன்பே நீ வந்து நிற்பாய் என்று அடித்துச் சொன்னார். மெஷின் வேலை தெரியாதவர்கள்தான் மெஷின் வேலைக்கு இப்படித் தேதி சொல்வார்கள்.

2. மேனுவல் இங்கிலீஷ்

மேனுவலில் படித்த இங்கிலீஷுக்கு ஒரு குணம் உண்டு. அதற்கு உத்தரவு போட மட்டும்தான் தெரியும். வால்வைத் திற, தண்ணீர் மட்டத்தைப் பார், பேரிங்குக்கு கிரீஸ் வை. 'நல்லா இருக்கீங்களா' என்பது எந்த மேனுவலிலும் இல்லை. விமானத்தில் தாகம் எடுத்தபோது பணிப்பெண்ணிடம் தொண்டையைத் தொட்டுக் காட்டி, "வாட்டர் லெவல் லோ" என்றேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே தண்ணீர் கொடுத்தது. முதலாளி சொன்னது சரிதான் போல என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு நம்புலாவில் இறங்கும் வரைக்கும் இருந்தது.

ஏர்போர்ட்டில் ஆபீசர் ஏதோ கேட்டார். நான் இங்கிலீஷில் ஏதோ சொன்னேன். இரண்டு பேரும் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டோம். லாட்ஜில் சோறு கிடைக்குமா என்று கேட்டேன், யெஸ் என்றார்கள். காரம் போடுவீர்களா என்று கேட்டேன், யெஸ். காரம் போடமாட்டீர்களா என்று கேட்டேன், அதற்கும் யெஸ். எனக்குக் கோபம் வரவில்லை. சித்தன்னவாசலுக்கு வழி கேட்கும் வெள்ளைக்காரனுக்கு அன்னவாசல் பஸ் ஸ்டாப்பில் நம் ஆட்கள் என்ன பதில் சொல்கிறார்கள்? எந்தப் பக்கம் கை நீட்டிக் கேட்டாலும் யெஸ் யெஸ்தான். அவன் இலுப்பூர் வரை போய்த் திரும்பி வருவான். அந்தப் பாவம் என் தலையில் வந்து விடிந்தது.

ஃபேக்டரியில் எனக்கு மொழிபெயர்க்க ஒரு ஸ்டோர் கீப்பரை வைத்திருந்தார்கள். பெயர் பெர்னார்டோ. முப்பது வயசு இருக்கும். தான்சானியாவில் கொஞ்ச காலம் இருந்ததால் இங்கிலீஷ் நன்றாகத் தெரியும் என்று அங்கே எல்லாரும் நம்பினார்கள். இரண்டு நாளில் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. அவனும் என்னைப் போலவே முதலாளியை நம்ப வைத்து வேலைக்குச் சேர்ந்தவன்தான். அவனுக்கும் என்னைப் பற்றி விளங்கிவிட்டது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்காமல் வேலையைப் பார்த்தோம். இரண்டு ஓட்டை இங்கிலீஷைச் சேர்த்தால் ஒரு நல்ல இங்கிலீஷ் ஆகாது. ஆனால் ஸ்பேனரும் சுத்தியலும் கையில் இருக்கும்போது அதிகம் பேசத் தேவையில்லை. பாய்லர் ஏறிவிட்டது. குக்கர், ஸ்டீம் லைன், கட்டிங் டேபிள் எல்லாம் வரிசையாக உட்கார்ந்துவிட்டன.

இன்னொன்றும் அங்கே போய்த்தான் தெரிந்தது. கொட்டை உடைக்கச் சேர்ந்த பெண்கள் வீட்டில் பேசுவது போர்த்துகீசியமே இல்லை, மக்குவா என்ற அவர்கள் ஊர்ப் பாஷை. போர்த்துகீசியம் அவர்களுக்கு நமக்கு பேங்க் இங்கிலீஷ் மாதிரி, ஆபீஸில் மட்டும் காதில் விழுவது. ஆக அந்த ஃபேக்டரியில் சொந்தப் பாஷையில் வேலை பார்த்தது பாய்லர் மட்டும்தான்.

வேலை தொடங்குவதற்கு முதல் நாள் சேஃப்டி வகுப்பு நடத்தினோம். பாய்லரில் நம் ஊரிலேயே சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பியிருந்தார்கள். மண்டையோட்டுப் படம், கீழே இங்கிலீஷில் டேஞ்சர். இந்தச் சொல்லைக் கேட்டால் கேள்வி கேட்காதே, கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியே ஓடு என்று பெர்னார்டோ அவர்களுக்கு மக்குவாவில் சொன்னான். நான் டேஞ்சர் என்று கத்துவேன், அவர்கள் எழுந்து ஓடுவார்கள். திரும்பத் திரும்பப் பழக்கினோம். அந்த வகுப்பைப் பற்றி எனக்கு ரொம்பப் பெருமை.

3. வாசலில் நடந்தது

எங்கள் ஃபேக்டரியில் ஒரு வழக்கம் உண்டு. புதுப் பாய்லரில் முதல் ஸ்டீம் ஏறி, அளவு மீறிய ஸ்டீமை வெளியே விடும் சேஃப்டி வால்வ் ஒரு தடவை தானாகத் தூக்கிக் காட்ட வேண்டும். அதன் பிறகு வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் உடைத்து, அப்புறம்தான் குக்கருக்கு ஸ்டீமை விடும் மெயின் வால்வைத் திறப்போம். பூசணிக்காய் உடைக்காமல் வால்வைத் திறந்த மெக்கானிக் புதுக்கோட்டை மாவட்டத்தில் யாரும் இருப்பதாக எனக்குத் தெரியாது. இதற்காகவே பெட்டியில் குங்குமமும் சூடமும் கொண்டுபோயிருந்தேன். நம் ஊர் வெள்ளைப் பூசணி கிடைக்கவில்லை. சந்தையில் மஞ்சள் பூசணி மலை மாதிரி குவிந்து கிடந்தது. தெய்வம் நிறம் பார்க்காது என்று ஒன்றை வாங்கிக்கொண்டேன்.

விடிந்ததும் ஸ்டீம் ஏற்றினேன். வால்வ் அழகாகத் தூக்கியது. வாசலுக்கு வந்து, காயைக் குடைந்து குங்குமம் கொட்டி, மேலே சூடம் ஏற்றி, மூன்று சுற்றுச் சுற்றி ஓங்கிப் போட்டேன். வாசல் முழுக்கச் சிவப்பாகச் சிதறியது. அந்த நேரம் பார்த்து, நீலத் தொப்பியும் நீலத் துணியுமாகப் பெண்கள் கேட்டைத் தாண்டி வரிசையாக வந்தார்கள். முன்னால் வந்தவள் சிதறிய துண்டுகளைத் தாண்டக் காலைத் தூக்கினாள்.

திருஷ்டிக் காயை மிதிக்கக்கூடாது, தாண்டக்கூடாது. பிறந்தது முதல் கேட்டு வளர்ந்தவனுக்கு அந்த நேரத்தில் யோசனை ஏது. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே பாய்ந்தேன். 'தாண்டாதே' என்பதற்கு இங்கிலீஷ் வரவில்லை. வாயில் வந்தது டேஞ்சர். மெயின் வால்வ் மூடியே இருந்ததால் உள்ளே இருந்த ஸ்டீமுக்கு வெளியேற வழியில்லை. எனக்குப் பின்னால் சேஃப்டி வால்வ் இரண்டாவது தடவை தூக்கியது. ஊருக்கே கேட்கிற சத்தம், கூரை முட்டப் புகை.

பாடம் நன்றாக ஏறியிருந்தது. கண் இமைக்கும் நேரத்தில் ஒருத்தரும் இல்லை. வகுப்பில் சொல்லிக்கொடுத்ததைவிட வேகமாகவே ஓடினார்கள். மொசாம்பிக் போய் நான் பேசிய இங்கிலீஷில் யாருக்கும் சந்தேகமே வராமல் புரிந்தது அந்த ஒரு சொல்தான்.

4. மாமரத்தடி

கேட்டுக்கு வெளியே இருந்த மாமரத்தடியில் எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். பெர்னார்டோவைக் கூட்டிக்கொண்டு போய், "நோ டேஞ்சர், நோ டேஞ்சர்" என்று சிரித்த முகத்தோடு சொன்னேன். எழுந்து அடுத்த மாமரத்துக்குப் போனார்கள். அது இன்னும் கொஞ்சம் தூரம்.

பெர்னார்டோ பேசிப் பார்த்தான். வெடிக்கப்போகிறது என்று அந்த ஆளே சொன்னான், உனக்கு என்ன தெரியும் என்று அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்து ஃபோனில் இருந்த மொழிபெயர்ப்பை எடுத்தேன். தமிழில் உருக்கமாகப் பேசினேன், அது போர்த்துகீசியத்தில் ஏதோ சொன்னது. பெண்கள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். பெர்னார்டோ மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஃபோன் என்ன சொன்னது என்று கேட்டேன், யெஸ் என்றான்.

முதலாளிக்கு ஃபோன் போட்டேன்.

"சேஃப்னு சொல்லு கருப்பையா. ஸ்ட்ராங்கா சொல்லு. இல்லாட்டி வேற ஆளப் போடச் சொல்லு."

வேறு ஆள் எங்கே போடுவது? இந்தியாக்காரன் பாய்லர் வெடிக்கப்போகிறது என்ற செய்தி அதற்குள் சுற்று வட்டாரம் முழுக்கப் போய்விட்டது. வேலை கேட்டுக் கேட்டில் நின்றவர்களும் காணாமல் போனார்கள். தினமும் பாய்லரைத் துடைத்து வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். பெண்களும் தினமும் வந்து மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கும் இந்த வேலை வேண்டும், ஆனால் உயிரும் வேண்டும். அதில் என்ன தப்பு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஊரில் கல்யாண வேலை எனக்காகக் காத்திருக்கவில்லை. என் மனைவி கூப்பிட்டாள்.

"ஏங்க, பந்தக்கால் ஊன நாள் குறிச்சாச்சு. நீங்க வருவீங்களா, இல்ல எங்க அண்ணனையே தாரை வாக்கச் சொல்லவா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. பத்திரிகையப் பாத்துட்டு ஊரே கேக்குது."

வாரேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன். எனக்கு அழுகை வந்தது. மகள் கையைப் பிடித்துக் கொடுக்கிற இடத்தில் மச்சினன் நிற்பதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. இத்தனைக்கும் மச்சினனுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை சுமார்தான்.

5. யார் கண்?

மறுநாள் மரத்தடியிலிருந்து ஒரு அம்மா எழுந்து கேட்டுக்கு வந்தார். பெயர் செலெஸ்தா. பழைய ஃபேக்டரி ஓடிய காலத்திலும் அங்கே வேலை பார்த்தவர். மற்றப் பெண்கள் எதற்கும் அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். பாய்லரைப் பற்றிக் கேட்பார் என்று நான் மேனுவலோடு தயாராக நின்றேன். அவர் பாய்லரைப் பற்றிக் கேட்கவில்லை. அந்தப் பூசணிக்காய் எதற்கு என்று கேட்டார்.

கண்ணைக் காட்டினேன். "பேட் ஐ" என்றேன். விரலைச் சுற்றிக் காட்டி, கீழே போட்டு உடைப்பது போலச் செய்தேன். பெர்னார்டோவுக்கு உடனே பிடிபட்டுவிட்டது. கண் படுவது அவர்கள் ஊரிலும் உண்டு. மக்குவாவில் அந்த அம்மாவுக்குச் சொன்னான். அவர் என்னைப் பார்த்து ஒன்று கேட்டார். பெர்னார்டோ அதைத் தட்டுத் தடுமாறி எனக்குச் சொன்னான். நம் பேச்சில் சொன்னால் இப்படி வரும்:

"அன்னிக்குக் காலையில வாசல்ல நின்னது நாங்க மட்டுந்தான். நீ யாரு கண்ணுக்குப் பயந்து ஒடச்ச?"

நான் மேனுவலைப் புரட்டினேன். அவர் விடவில்லை.

"ஒண்ணு, பாய்லர் ஆபத்து. இல்லாட்டி நாங்க ஆபத்து. எதுன்னு சொல்லு, அப்புறம் வாரோம்."

இதற்கு எனக்கு இங்கிலீஷ் தெரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. தமிழிலும் பதில் தெரியவில்லை. நம் ஊரில் காய் உடைத்தால் யார் கண் என்று யாரும் கேட்பதில்லை. ஊர்க்கண் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். அங்கே ஊர் என்று நின்றது இந்தப் பெண்கள்தான். பூட்டிக் கிடந்த கேட் எப்போது திறக்கும் என்று வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்த கண்கள். அந்தக் கண்ணைத்தான் கெட்ட கண் என்று வாசலில் போட்டு உடைத்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

என்ன செய்வது என்று தெரியாமல் ஃபோனை எடுத்தேன். அன்று காலையில் என் மனைவி ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். மகள் கல்யாணப் புடவையைக் கட்டிப் பார்க்கிறாள். கட்டி முடித்ததும் அவளை உட்கார வைத்து, உப்பும் மிளகாயும் கையில் எடுத்து என் மனைவி சுற்றிப் போடுகிறாள். அதைச் செலெஸ்தா அம்மாவிடம் காட்டினேன். பார்த்தார். இன்னொரு தடவை போடச் சொன்னார். யார் என்று கேட்டார். மகள் என்றேன். சுற்றுவது யார் என்றார். அவள் அம்மா என்றேன்.

அம்மாவுக்கு மகளைப் பார்த்துப் பயமா என்று கேட்டார். இல்லை, மகளுக்காகப் பயம் என்று நெஞ்சில் கை வைத்துக் காட்டினேன். அது மட்டும் எப்படியோ பெர்னார்டோ வழியாக ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. அவர் திரும்பிப் போய் மரத்தடியில் நெடுநேரம் பேசினார். அப்புறம் வந்து இரண்டு நிபந்தனை போட்டார். முதலாவது, எங்களுக்கும் அப்படிச் சுற்று. இரண்டாவது, முதல் லோடு வெந்து வெளியே வரும் வரை நீ பாய்லரில் முதுகு படும்படி நில், நாங்கள் பார்க்கிற இடத்தில்.

முதலாளியாக இருந்தால் இதற்கு வக்கீலைக் கேட்டிருப்பார். நான் யெஸ் என்றேன். அந்த நாட்டில் நான் புரிந்து சொன்ன முதல் யெஸ் அது.

மறுநாள் காலை எல்லாரும் உள்ளே வந்து பாய்லருக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்தார்கள். சந்தையிலேயே பெரிய பூசணியாகப் பார்த்து அவர்களே வாங்கி வந்திருந்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு, அத்தனை பெண்களையும் பாய்லரையும் சேர்த்து மூன்று சுற்றுச் சுற்றி வந்தேன். இரண்டாவது சுற்றிலேயே எனக்கு இடுப்பு விட்டுப்போனது. அவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். உடைக்கும் வேலையைச் செலெஸ்தா அம்மா எனக்குத் தரவில்லை. தானே ரோட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டு உடைத்தார். அந்தப் பக்கம் சைக்கிளில் வந்த ஒருவர் துண்டுகள் மேல் ஏற்றப் பார்த்தார். அந்த அம்மா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே பாய்ந்து, "டேஞ்சர்" என்று கத்தினார். சைக்கிள்காரர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினார்.

மெயின் வால்வைத் திறந்தேன். பாய்லரின் வெளிச்சுவரில் முதுகை ஒட்டி நின்றேன். முதலாளி சிக்கனமாகக் கட்டிய இன்சுலேஷன் எவ்வளவு மெல்லிசு என்பது அன்றைக்குத்தான் என் முதுகுக்குத் தெரிந்தது. கொட்டை வெந்து வெளியே வந்தது. ஆறப்போட்டு, அடுத்த நாள் கட்டிங் டேபிளில் பெண்கள் உட்கார்ந்தார்கள். தோட்டுப் பால் கையைச் சுடாமல் இருக்கச் செலெஸ்தா அம்மா எண்ணெய் தடவிக்கொண்டு, முதல் கொட்டையைப் பிளேடில் வைத்துப் பெடலை மிதித்தார். உடையாமல் முழுப் பருப்பாக வந்தது. முதல் பருப்பைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார் முதலாளி. நான் ஃபோனை எடுப்பதற்குள் அந்த அம்மா அதை இரண்டாகப் பிட்டு, ஒன்றைத் தன் வாயிலும் இன்னொன்றை என் வாயிலும் போட்டுவிட்டார். இரண்டாவது பருப்பின் போட்டோதான் முதலாளிக்குப் போனது. டிக்கெட் வந்துவிட்டது.

6. தம்பிகளுக்கு

ஃபேக்டரிக்கு நான் பேருக்கு எப்போதாவது போனால், அங்கிட்டு நம்புலாவுக்குப் போக எவ்வளவு இங்கிலீஷ் வேண்டும் என்று புதுப் பையன்கள் கேட்கிறார்கள். தண்ணீர், சோறு, கக்கூஸ் கேட்கிற அளவுக்கு இருந்தால் போதும் தம்பிகளா, அதற்கும் கை இருக்கிறது. பாஷை தெரியாதவர்கள் நாம் சொல்வதைக் கேட்கமாட்டார்கள், நாம் செய்வதைப் பார்ப்பார்கள். அவர்களை நாம் யாராக நினைக்கிறோம் என்பதை நம் கையையும் காலையும் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். ஆகவே பெட்டியில் என்னென்ன எடுத்துப் போகிறோம் என்று பார்ப்பதோடு, தலையில் என்ன எடுத்துப் போகிறோம் என்றும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்யாணத்துக்கு நான் வந்து சேர்ந்துவிட்டேன். பந்தக்கால் ஊன்றியிருந்தார்கள், தாரை வார்க்க மச்சினன் வேட்டி எடுத்து வைத்திருந்தார், அவ்வளவுதான். முதலாளி மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டாரிடம் என்னைக் காட்டி, வெறும் இங்கிலீஷை வைத்தே ஒரு நாட்டைச் சமாளித்துவிட்டு வந்த ஆள் என்று அறிமுகப்படுத்தினார். எனக்கு முதுகு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

ஊர் வந்து இறங்கிய அன்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள் கால் வைக்கும் முன்னால் என் மனைவி உப்பும் மிளகாயுமாக வாசலுக்கு வந்துவிட்டாள்.

"அப்படியே நில்லுங்க. எத்தன பேரு கண்ணு பட்டுருக்கோ."

"அங்க இருந்ததெல்லாம் நல்ல கண்ணுதான்டி. அவுகதான் என்னையக் கல்யாணத்துக்கு அனுப்பி வச்சாக. யாரு கண்ணுக்குப் பயந்து சுத்துற?"

"அவுக கண்ணு நல்லதாவே இருக்கட்டும். மாப்ள வீட்டுக்காரவுக கண்ணுக்குச் சுத்துறேன், பேசாம நில்லுங்க."

புடவைத் தட்டோடு அப்போதுதான் வந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா என் முதுகு மறைவில் படியில் நின்றுகொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும்.